மூச்சு மெஷினில் எந்தத் தண்ணீரை ஊற்றலாம்? பிசிஜி தந்த கால்மெட்டும் செங்கல்பட்டுத் தண்ணீரும்

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ஸ்லீப் ஆப்னியா பிரச்சினைக்கு டாக்டர்கள் எழுதித் தரும் சிபாப் மெஷின், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்களிலும் இன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. முகமூடி வழியாக இரவு முழுக்கக் காற்றை மிதமான அழுத்தத்தில் உள்ளே தள்ளி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்தக் காற்று மூக்கையும் தொண்டையையும் காயவைத்துவிடக் கூடாது என்பதற்காக மெஷினோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொல்கிறது கையேடு.

வீட்டிலோ போர் தண்ணி, குழாய்த் தண்ணி, கேன் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி என்று நாலு வகை இருக்கிறது. டிஸ்டில்டு மட்டும் இல்லை. கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் நாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. குடிக்கிற தண்ணீர்தானே, மெஷினுக்கு ஊற்றினால் என்ன என்று மாமல்லபுரத்தில் கேட்டாலும் செங்கல்பட்டில் கேட்டாலும் அது நியாயமான கேள்விதான்.

இதற்குப் பாதி பதில் எளிது: உப்பு. தண்ணீர் ஆவியானதும் கரைந்திருந்த உப்பெல்லாம் தொட்டியிலேயே வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ள, 1933ல் இறந்துபோன ஒரு பிரெஞ்சு டாக்டரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் முகம் யாருக்கும் நினைவில் இல்லாவிட்டாலும் அவர் வைத்த தழும்பு நம்மில் பெரும்பாலோரின் இடது தோளில் இருக்கிறது. பிசிஜி என்ற மூன்றெழுத்தில் நடுவில் உள்ள சி, ஆல்பர்ட் கால்மெட்டின் பெயர்.

கப்பல் டாக்டர்

கால்மெட் 1863 ஜூலை 12 அன்று பிரான்ஸின் தெற்குக் கடற்கரை நகரமான நீஸில் பிறந்தார். 1881ல் பிரெஸ்ட் நகரில் இருந்த கடற்படை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். கப்பலோடு ஹாங்காங் போன இடத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரின் பழக்கம் கிடைத்தது. யானைக்கால் நோயின் புழுவைக் கொசு சுமக்கிறது என்று 1877ல் கண்டறிந்தவர் மேன்சன். செங்கல்பட்டு வட்டாரத்துப் பழைய தலைமுறைக்கு யானைக்கால் நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நோயைப் பற்றித்தான் கால்மெட் தன் மருத்துவப் பட்டத்துக்கான ஆய்வையும் எழுதினார்.

பிறகு மேற்கு ஆப்பிரிக்காவில் சில காலம். அதற்கப்புறம் கனடாவுக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் பியர் தீவு. அங்கே மீனவர்களுக்கு ஒரு தலைவலி: உப்புப் போட்டுக் காயவைத்த காட் மீனில் சிவப்பாக ஏதோ பூத்து, சரக்கே வீணாகிக்கொண்டிருந்தது. கால்மெட் மீனையும் உப்பையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கெடாமல் இருக்கட்டும் என்று தூவிய உப்பிலேயே அந்தக் கிருமி வந்து சேர்ந்திருந்தது. கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களின் பாத்திகள் சில நேரம் இளஞ்சிவப்பாக மாறுவதும் இப்படிப்பட்ட நுண்ணுயிர்களால்தான். எதையும் வாழவிடாது என்று நம்பப்படும் இடத்திலும் ஏதோ ஒன்று வாழும் என்பதை அவர் இளம் வயதிலேயே பார்த்துவிட்டார்.

1890ல் பாரிஸில் லூயி பாஸ்டரையும் அவருடைய வலதுகை போலிருந்த எமில் ரூவையும் சந்தித்தார். பாஸ்டர் நிறுவனத்தின் முதல் வெளிநாட்டுக் கிளையைத் தொடங்க ஆள் தேவைப்பட்டது. 1891ல் கால்மெட் சைகோனுக்கு அனுப்பப்பட்டார். பெரியம்மை, வெறிநாய்க்கடி தடுப்பு மருந்துகளை அங்கேயே தயாரித்துக் கொடுத்தார்.

அதே ஆண்டு மழைக்காலத்தில் வெள்ளம் ஏறி, தெற்கே ஒரு கிராமத்துக்குள் நாகப்பாம்புகள் கூட்டமாகப் புகுந்துவிட்டன. பலர் கடிபட்டார்கள், சிலர் இறந்தார்கள். பிடிபட்ட பாம்புகள் பீப்பாயில் அடைத்து உயிரோடு கால்மெட்டிடம் அனுப்பப்பட்டன. அங்கே தொடங்கிய வேலை, 1890களின் நடுவில் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த பாம்புக்கடி மருந்தாக முடிந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷத்திலிருந்து இன்றும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் மருந்து தயாராகிறது.

இதில் கால்மெட் ஒரு இடத்தில் சறுக்கினார். நாகத்துக்குச் செய்த மருந்து எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். பம்பாயில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ டாக்டர் சோதித்துப் பார்த்ததில், கண்ணாடி விரியன் விஷத்துக்கு அது வேலை செய்யவில்லை. இன்று இந்தியாவில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவதற்குப் பின்னால் அந்தத் திருத்தம் இருக்கிறது. குடிக்க நல்ல தண்ணீர் என்றால் எதற்கும் நல்ல தண்ணீர்தான் என்று நினைப்பதும் கிட்டத்தட்ட இதே மாதிரித் தவறுதான்.

சாக்கடையைச் சுத்தம் செய்த வழவழப்பு

சைகோனில் வயிற்றுக்கடுப்பு வாட்டியதால் 1893ல் பிரான்ஸ் திரும்பினார். 1895ல் வடக்கே லில் நகரில் புதிதாகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைவராக ரூ அவரை அனுப்பினார். அங்கே கால் நூற்றாண்டு இருந்தார். லில் நெசவாலைகளின் ஊர். நெருக்கமான குடியிருப்புகள், கறுத்துப்போன ஆறு, வீட்டுக்கு வீடு காசநோய். 1901ல் ஏழைகளுக்கான காசநோய் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். அதற்குத் தன் பெயரை வைக்காமல் எமில் ரூவின் பெயரை வைத்தார். சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய கொக்கிப்புழுவையும் விட்டுவைக்கவில்லை.

கால்மெட்டைப் பற்றி எழுதுபவர்கள் அவ்வளவாகச் சொல்லாத பகுதி ஒன்று இந்த லில் காலத்தில்தான் வருகிறது. லில்லை ஒட்டிய லா மாட்லேன் என்ற இடத்தில் 1904ல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றை அமைத்துச் சோதனைகள் நடத்தினார். ரசாயனத்தை நம்பாமல் கிருமிகளையே வேலைக்கு வைக்கும் முறை அது. கரிக்கட்டி, கல் போன்றவற்றைப் பரப்பி அதன்மேல் கழிவுநீரை விட்டால், நாளடைவில் ஒவ்வொரு கல்லின் மேலும் வழவழப்பான ஒரு படலம் படியும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வாழும். கடந்து போகும் அழுக்கை அவை தின்றுவிடும், மறுபுறம் தெளிந்த தண்ணீர் வெளியேறும்.

இந்தப் படலத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ரொம்ப நாள் கழுவாத சொம்பின் உட்புறத்தில், கேன் கவிழ்த்த டிஸ்பென்சர் குழாயில், ஆர்.ஓ. மெஷினின் சேமிப்புத் தொட்டியில் விரலை வைத்தால் வழுக்கும். அறிவியல் உலகம் இன்று அதை பயோஃபிலிம் என்கிறது. சாக்கடைத் தண்ணீருக்கு அது நண்பன். மூக்குக்குள் காற்றைத் தள்ளும் மெஷினின் தொட்டியிலும் குழாயிலும் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் இருந்து, பகலில் மிச்சத் தண்ணீரோடு சும்மா கிடக்கும் தொட்டிதான் அது படிய ரொம்ப வசதியான இடம்.

உருளைக்கிழங்கில் 13 ஆண்டுகள்

லில்லில் கால்மெட்டுக்குக் கிடைத்த துணை கமில் குயெரின் என்ற கால்நடை மருத்துவர். பிசிஜியின் ஜி அவர்தான். இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியை வளர்த்து ஆராய்ந்தபோது ஒரு சின்னத் தொல்லை இருந்தது. கிருமிகள் தனித்தனியாகப் பிரியாமல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டன. காரணம், இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் மேல் மெழுகு மாதிரி ஒரு போர்வை உண்டு. எண்ணெய்ப் பாத்திரம் தண்ணீரில் நனையாத மாதிரி, அவை தண்ணீரோடு கலக்காது. பிரிப்பதற்காக மாட்டுப் பித்தநீரைச் சேர்த்தார்கள். கிளிசரினும் பித்தமும் கலந்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டின் மேல் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள்.

கட்டி பிரிந்தது. அதோடு, எதிர்பாராத ஒன்றும் நடந்தது: தலைமுறை தாண்டத் தாண்டக் கிருமியின் வீரியம் குறைந்தது. அப்படியே தொடர்ந்தால் நோய் தராத, ஆனால் உடம்புக்கு எச்சரிக்கை மட்டும் தரும் கிருமி கிடைக்கலாம் என்று இருவருக்கும் தோன்றியது. 1908ல் தொடங்கிய வேலை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுக் கிழங்குக்கு மாற்றுவது என்று 1921 வரை நீண்டது. மொத்தம் 230 முறை.

நடுவில் முதல் உலகப் போர் வந்தது. 1914 மார்ச்சில், போருக்குச் சில மாதங்கள் முன்பு, அவருடைய சகோதரரும் லெ ஃபிகாரோ நாளிதழின் ஆசிரியருமான காஸ்டனை, ஒரு அமைச்சரின் மனைவி அலுவலகத்துக்கே வந்து சுட்டுக் கொன்றார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் லில் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போனது. உருளைக்கிழங்குக்கே தட்டுப்பாடு. சோதனைக்கு வைத்திருந்த மாடுகள் பறிபோயின. கால்மெட்டின் மனைவி பணயக் கைதியாக ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார். அவ்வளவுக்கும் நடுவில் மூன்று வாரக் கணக்கு தவறவில்லை. போர் முடிந்ததும் 1919ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் துணை இயக்குநரானார்.

1921ல் பாரிஸில் ஒரு பச்சைக் குழந்தை. பிரசவத்துக்குப் பின் தாய் காசநோயில் இறந்துவிட்டார், வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். இந்தக் குழந்தைக்கு நோய் தொற்றுவது கிட்டத்தட்ட நிச்சயம் என்ற நிலையில்தான் டாக்டர்கள் முதல்முறையாக பிசிஜியை வாய்வழியாகக் கொடுத்தார்கள். குழந்தை நோயில்லாமல் வளர்ந்தது. 1920களின் கடைசியில் பிரான்ஸில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த மருந்தைப் பெற்றிருந்தார்கள்.

லூபெக், 1930

ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930ல் சுமார் 250 பச்சைக் குழந்தைகளுக்கு பிசிஜி கொடுக்கப்பட்டது. கிருமி பாரிஸிலிருந்து வந்தது. மருந்தாகத் தயாரித்தது உள்ளூர் ஆய்வகம். சில வாரங்களில் குழந்தைகள் ஒவ்வொன்றாக நோயில் விழுந்தன. 72 குழந்தைகள் இறந்தன.

உலகமே கால்மெட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. வீரியம் இழந்த கிருமி திரும்பவும் விஷமாக மாறிவிட்டதா என்பதுதான் கேள்வி. விசாரணையில் தெரிந்தது வேறு. லூபெக் ஆய்வகத்தில் உயிர்கொல்லும் காசநோய்க் கிருமியும் பிசிஜியும் ஒரே இடத்தில் வளர்க்கப்பட்டிருந்தன. அந்தக் கிருமி தடுப்பு மருந்தில் கலந்துவிட்டது. இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. பொறுப்பானவர்களுக்கு ஜெர்மன் நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. கால்மெட் மீதும் அவர் கிருமி மீதும் பழி இல்லை என்று ஆனது. ஆனாலும் அந்த அடியிலிருந்து அவர் எழுந்து வரவில்லை. 1933 அக்டோபர் 29 அன்று, 70 வயதில், பாரிஸில் இறந்தார்.

செங்கல்பட்டில் என்ன நடந்தது?

கால்மெட் இறந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 1948ல் சென்னை கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கியது. 1951 முதல் நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம் நடந்தது. எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. 1955ல் ராஜாஜி இதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். தமிழ்நாட்டில் ஊசி போட வந்தவர்களுக்கு அது பெரிய தலைவலி. அரசு பின்வாங்கவில்லை. ஆனால் இந்த ஊசி நம் ஊரில் எவ்வளவு காக்கிறது என்ற கேள்விக்குச் சரியான கணக்கு யாரிடமும் இல்லை.

அந்தக் கணக்கைப் போடத்தான் 1968ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளெல்லாம் அப்போது அதற்குள்தான் இருந்தன. கிராமம் கிராமமாகப் போய் 3.66 லட்சம் பேரின் பெயரை எழுதினார்கள். சுமார் 2.8 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் நீர் என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. காசநோய்த் தடுப்பூசிக்கு உலகில் நடந்த மிகப் பெரிய சோதனை அது.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979ல் வெளிவந்தபோது எல்லோருக்கும் அதிர்ச்சி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவே இல்லை. 15 ஆண்டுக் கணக்கும் பிறகு அதையே சொன்னது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளை நன்றாகக் காத்த ஊசி செங்கல்பட்டில் ஏன் தோற்றது?

பல விளக்கங்கள் வந்தன. இன்றுவரை கனமாக நிற்கும் ஒன்று, தண்ணீரையும் மண்ணையும் கை காட்டுகிறது. காசநோய்க் கிருமிக்குத் தூரத்துச் சொந்தக்காரர்கள் நிறைய உண்டு. ஏரித் தண்ணீர், கிணறு, குழாய், சேறு, தூசு எங்கும் வாழ்பவை. காசநோய் தராத மைக்கோபாக்டீரியா என்று அவற்றைச் சொல்வார்கள். சோதனை நடந்த ஊர்களின் தண்ணீர், மண், தூசு, சளி மாதிரிகளில் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தாராளமாகக் கண்டார்கள். தோல் சோதனையில், வயது ஏற ஏற ஊர் மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அவற்றோடு பழகியிருந்தது தெரிந்தது. அதாவது, கால்மெட்டின் கிருமி சொல்ல வந்த பாடத்தை இந்த ஊர்த் தண்ணீர் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டது. ஊசியால் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை. இது முடிந்த தீர்ப்பு இல்லை, விவாதம் இன்னும் நடக்கிறது. மூளைக் காய்ச்சல் வடிவில் வரும் கடுமையான காசநோயிலிருந்து சின்னக் குழந்தைகளை பிசிஜி காப்பதில் சந்தேகம் இல்லை. பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுவது அதனால்தான்.

சிபாப் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாம் குடிக்கும், குளிக்கும் தண்ணீரில் இந்த மெழுகுப் போர்வைக் கிருமிகள் சாதாரணமாகவே இருக்கின்றன. அந்தப் போர்வையால் குளோரினுக்கு அவை சுலபத்தில் சாவதில்லை. குழாய்களின் வழவழப்புக்குள் பதுங்கிக்கொள்கின்றன. குடித்தால் ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நுரையீரலுக்குள் போனால், அதுவும் ஏற்கெனவே பழுதான நுரையீரல் என்றால், கதை வேறு. பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்கள், நாள்பட்ட மூச்சுக்குழாய் நோய் உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மாமல்லபுரத்தில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. வருஷக்கணக்கில் கருங்கல் தூசியைச் சுவாசித்த சிற்பிகள். கல்தூசி படிந்த நுரையீரலில் இப்படிப்பட்ட தொற்றுகள் எளிதில் இடம்பிடிக்கும்.

தொட்டியில் எதை ஊற்றுவது?

பயமுறுத்தவும் வேண்டாம். சிபாப் தொட்டி தண்ணீரைத் துளித்துளியாகக் காற்றில் தெளிப்பதில்லை. அடியில் உள்ள தட்டு இளஞ்சூடு கொடுக்க, காற்று தண்ணீரின் மேல்பரப்பை உரசிக்கொண்டு போய் ஈரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கிருமி ஆவியோடு எழுந்து வருவது அரிது. பிரச்சினை வருவது, மெஷினை நகர்த்தும்போது தண்ணீர் குழாய்க்குள் சிந்தினால், குழாயில் வியர்த்துத் தேங்கினால், தொட்டியில் வழவழப்பு படிந்தால். ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவர் ஒரு ராத்திரி ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆபத்து என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பழக்கமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதில் என்ன கரைந்திருக்கிறது? இதில் என்ன உயிரோடு இருக்கிறது?

கடற்கரை ஊர்களின் போர் தண்ணி முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். குடிநீரில் கரைந்த உப்புகள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை போகலாம் என்பது இந்திய தர நிர்ணயம். குடிக்கச் சரி. தொட்டியில் ஊற்றினால் சில வாரத்தில் அடியில் சுண்ணாம்பு படியும். குழாய்த் தண்ணி இரண்டு கேள்வியிலும் தோற்கும். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அது டிஸ்டில்டு மாதிரிதானே என்று சிலர் நினைக்கலாம். இல்லை. அங்கே நடப்பது காய்ச்சி வடிப்பது இல்லை, சவ்வு வழியாக வடிகட்டுவது. அந்தத் தண்ணீரும் மைல்கணக்கில் குழாய்க்குள் பயணம் செய்துதான் வீட்டுக்கு வருகிறது.

கேன் தண்ணியில் கொஞ்சம் உப்பு இருக்கும். மூடியைத் திறந்து நாலைந்து நாள் டிஸ்பென்சரில் நின்ற பிறகு இரண்டாவது கேள்விக்கும் பதில் சரியில்லை. ஆர்.ஓ. தண்ணியில் உப்பு குறைவு. டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்து எண் குறைந்தால் சந்தோஷப்படுகிறோம், ஆனால் அந்த மீட்டருக்குக் கிருமி தெரியாது. லூபெக்கின் இரண்டு கிருமிகளைக் கண்ணால் பிரிக்க முடியாத மாதிரிதான் இதுவும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும். இரண்டையும் சேர்த்தால் கொஞ்சம் தேறும்: டிஸ்டில்டு தீர்ந்துபோன ராத்திரிக்கு, ஆர்.ஓ. தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து ஊற்றலாம். இல்லையா, ஈரப்பத வசதியை அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டலாம். பெரும்பாலான மாடல்களில் முடியும். மூக்கு காயும், தூக்கம் காப்பாற்றப்படும்.

பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணியைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். அதில் உப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அது பேட்டரிக்காக அடைத்தது. கிருமி இல்லாமல் இருக்க வேண்டும் என்று யாரும் அதைப் பார்த்து அடைப்பதில்லை. மூச்சுக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் அப்படித்தான்: காய்ச்சி வடித்த மாதிரி தோன்றும், ஆனால் தூசியும் பாசியும் படிந்த காயிலைக் கழுவிக்கொண்டு வருகிறது.

மருந்துக் கடையிலோ சர்ஜிக்கல் பொருள் விற்கும் கடையிலோ மூடி உடையாத டிஸ்டில்டு வாட்டர் வாங்குவதே சரி. கிருமி நீக்கிய ஸ்டெரைல் வாட்டரும் நல்லது, விலைதான் கூடுதல். அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும் சலைன் பாட்டிலை மாற்றி எடுத்துவிட வேண்டாம், அது உப்புத் தண்ணீர். தொட்டி மாடலைப் பொறுத்து 300 முதல் 400 மில்லி பிடிக்கும். தினமும் நிரப்பினால் மாதம் 9 முதல் 12 லிட்டர் ஆகும். கிராமத்துக் கடைகளில் எப்போதும் இருக்காது. செங்கல்பட்டோ சென்னையோ போகும்போது மொத்தமாக வாங்கி வைப்பவர்கள் பெரிய டப்பாவுக்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டில்களாக வாங்குவது புத்திசாலித்தனம். திறந்த டப்பாவை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டால் அதுவும் சாதாரணத் தண்ணீர்தான். வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது, திறந்த தேதியை மூடியிலேயே எழுதிவிடலாம்.

எந்தத் தண்ணீர் என்பதைவிட, காலையில் என்ன செய்கிறோம் என்பது முக்கியம். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மேலே புதுசு ஊற்றி நிரப்பினால் பழையதில் வளர்ந்தவை அப்படியே தங்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, வெயில் நேராகப் படாத இடத்தில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை, கையேட்டில் சொன்ன அளவில் வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் வெள்ளைப் படலமும் போகும். ஆவி பிடிக்கிற பழக்கத்தில் யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், தலைவலி தைலம் என்று எதையாவது தொட்டியில் போடுபவர்கள் உண்டு. கூடவே கூடாது. ஒரு ராத்திரி முழுக்க அழுத்தத்தோடு நுரையீரலுக்குப் போகிற காற்று அது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலைக் காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்துகொண்டால், சளிப் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் சிபாப் இருப்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர்வாழ் மைக்கோபாக்டீரியாவும் காசநோய்க் கிருமியும் சாதாரண மைக்ராஸ்கோப் சோதனையில் ஒரே மாதிரி சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. மரபணு சோதனை செய்தால்தான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும். அந்தச் சோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்யப்படுகிறது.